ஓவர்சியர் எஃப்எம்: நியூசிலாந்துப் பால் பண்ணைகளின் தழைச்சத்துக் கணக்குப்பிள்ளை. எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது?

நியூசிலாந்தில் பால் பண்ணை நடத்துபவர், அங்கே மேலாளராகவோ ஆலோசகராகவோ வேலை பார்ப்பவர் எவரும் ஓவர்சியர் என்ற பெயரைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. பண்ணைக்குள் வரும் சத்து எவ்வளவு, பாலாகவும் இறைச்சியாகவும் வெளியே போவது எவ்வளவு, மண்ணுக்கடியில் கசிந்து நீரில் சேருவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள் அது. வட்டார கவுன்சிலின் (நீர், நிலப் பயன்பாட்டு விதிகளை வகுக்கும் உள்ளாட்சி அமைப்பின்) அனுமதி, பால் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் திட்டம் எனப் பல இடங்களில் அதன் எண் வந்து நிற்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே பண்ணைக்கான இரண்டு மூன்று நிலப் பயன்பாட்டுத் திட்டங்களை அருகருகே வைத்து ஒப்பிட இது மிக நல்ல கருவி. ஆனால் அது தரும் ஒற்றை எண்ணை ஆற்றில் அளந்த எண்ணாக நினைத்து நிலத்தைத் திட்டமிட்டால் பணமும் வீணாகும், ஆறும் தெளியாது.

என்ன வாங்குகிறீர்கள்

இதன் வேர் 1980களில் அரசு வேளாண் துறை உரப் பரிந்துரைக்காக எழுதிய கணினி நிரலில் இருக்கிறது. அதாவது, எவ்வளவு உரம் போட்டால் லாபம் என்று சொல்லப் பிறந்த கருவி, பின்னாளில் எவ்வளவு சத்து வீணாகிறது என்று சொல்லும் வேலைக்கு மாற்றப்பட்டது. இந்தப் பின்னணியை மறக்காமல் இருந்தால் அதன் பலமும் பலவீனமும் எளிதில் புரியும். முதன்மைத் தொழில்கள் அமைச்சகம், அக்ரிசர்ச் ஆய்வு நிறுவனம், உர உற்பத்தியாளர் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து இதை வளர்த்தன. இதற்கென்றே ஓவர்சியர் லிமிடெட் என்ற நிறுவனம் 2016இல் அமைந்தது. இணையத்தில் சந்தா கட்டிப் பயன்படுத்தும் எஃப்எம் வடிவம் 2018இல் வந்தது.

சந்தா பண்ணைக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறை. உண்மையான செலவு சந்தாவில் இல்லை. தரவைச் சேகரித்து உள்ளிடும் ஆலோசகரின் மணிக்கணக்கில் இருக்கிறது. கவுன்சிலுக்குப் போகும் கோப்பு என்றால், சத்து மேலாண்மை ஆலோசகராகச் சான்று பெற்ற ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. பண்ணைக்குள் முடிவெடுக்க மட்டும் என்றால் உரிமையாளரோ மேலாளரோ தாமே செய்து பழகலாம். தாமே செய்பவருக்குத்தான் எந்த எண் எதனால் அசைகிறது என்பது பிடிபடும்.

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), கந்தகம், கால்சியம், மெக்னீசியம், சோடியம் ஆகிய ஏழுக்கும் வரவு செலவு கிடைக்கும். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுக் கணக்கும் கூடவே வரும். ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான்: ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ தழைச்சத்துக் கசிவு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

மாட்டின் மூத்திரத்திலிருந்து. உரத்திலிருந்து நேராகக் கசிவது, அளவோடு போட்டால், அதைவிட மிகக் குறைவு. ஒரு கறவை மாடு ஒரு முறை இறக்கும் மூத்திரம் சுமார் 2 லிட்டர். அது நனைக்கும் இடம் ஒரு சதுர மீட்டரில் பாதிகூட இல்லை. அந்தச் சின்ன இடத்தில் விழும் தழைச்சத்தை ஹெக்டேர் கணக்குக்கு மாற்றினால் 500 கிலோவைத் தாண்டும். சில வேளை 1,000 கிலோவை நெருங்கும். எந்தப் புல்லாலும் அதை முழுக்க உறிஞ்ச முடியாது. மிஞ்சியது நைட்ரேட்டாக மாறி மழைக்குக் காத்திருக்கும்.

அங்கே மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம். அப்போது விழுந்த மூத்திரத் திட்டுதான் மிக ஆபத்தானது. புல் வளர்ச்சி குறைந்துகொண்டே போகும், அடுத்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். வசந்த காலமான அக்டோபரில் விழுந்த அதே மூத்திரத்தில் பெரும்பங்கைப் புல் எடுத்துக்கொண்டுவிடும். ஆகவே நிலத் திட்டம் என்றால் எந்த நிலத்தில் எத்தனை மாடு என்பதோடு, எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஓவர்சியர் இந்த மாதக் கணக்கை உள்ளே போட்டுப் பார்க்கிறது. அதன் பெரிய பலம் இதுதான்.

அடுத்தது மண். தென் தீவின் கேன்டர்பரி சமவெளியில் லிஸ்மோர் போன்ற கல் கலந்த, ஆழமில்லாத மண்ணும் உண்டு. டெம்பிள்டன் போன்ற ஆழமான வண்டல் மண்ணும் உண்டு. ஒரே பண்ணைக்குள்ளேயே இரண்டும் வேலிக்கு இருபுறமும் இருக்கும். கல் மண் நீரைப் பிடித்து வைக்காது. ஒரு நல்ல மழையில் நைட்ரேட் 60 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். மேய்ச்சல் நிலத்துக்கு வேர் மண்டலம் என்று ஓவர்சியர் வைத்திருக்கும் எல்லை அந்த 60 சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே போனது எல்லாம் அதன் கணக்கில் 'இழப்பு'. அங்கிருந்து நிலத்தடி நீர் வழியாக ஓடைக்குப் போகும்போது எவ்வளவு இயற்கையாகக் குறைகிறது, எத்தனை ஆண்டு ஆகிறது என்பதை அது சொல்லாது. ஒரு பள்ளத்தாக்கில் பாதிக்கு மேல் வழியிலேயே சிதைந்துவிடலாம். இன்னொன்றில் கிட்டத்தட்ட முழுதும் போய்ச் சேரலாம். அந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு பள்ளத்தாக்குப் பண்ணைகளின் எண்ணை ஒப்பிடுவது நியாயமல்ல.

தரவை உள்ளிடும்போது எண் எங்கே பிறழ்கிறது

கணக்கு பிளாக் பிளாக்காக நடக்கிறது. ஒரே மண், ஒரே பாசனம், ஒரே மேலாண்மை உள்ள பேடக்குகளை (வேலியிட்ட மேய்ச்சல் வயல்களை) சேர்த்து ஒரு பிளாக். கழிவுநீர் பாயும் பகுதி தனி பிளாக், குளிர்காலத் தீவனப் பயிர் தனி, மரம் செடிப் பகுதி தனி, ஓடைக்கரை தனி. பிளாக் பிரிப்பதில் சோம்பல் பட்டால் மற்ற எல்லாம் வீண். பண்ணை முழுவதையும் இரண்டு பிளாக்காகப் போட்ட கோப்பை வைத்துக்கொண்டு எந்த நிலத்தை எதற்கு விடலாம் என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது.

மண்ணுக்கு மானாக்கி வெனுவா நில ஆய்வு நிறுவனம் உருவாக்கிய எஸ்-மேப் வரைபடத்திலிருந்து அந்த இடத்தின் மண் வகையை நேராக இழுத்துக்கொள்ளலாம். எஸ்-மேப் எட்டாத பகுதி என்றால் பொதுவான மண் வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். அப்போது எண் கணிசமாக மாறும். மண்வெட்டியோடு போய் நாலைந்து இடத்தில் 60 சென்டிமீட்டர் குழி தோண்டி, கல் எந்த ஆழத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது அரை நாள் வேலை. பண்ணைத் திட்டத்தில் அதைவிடப் பயனுள்ள அரை நாள் வேறில்லை.

புல் எவ்வளவு விளைந்தது என்று ஓவர்சியர் உங்களிடம் கேட்காது. மாடுகளின் எண்ணிக்கை, எடை, இனம், கன்று ஈனும் தேதி, கொடுத்த பால் ஆகியவற்றிலிருந்து அவற்றுக்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டு, வெளியிலிருந்து வாங்கிய தீவனத்தைக் கழித்து, மிச்சம் எல்லாம் புல்தான் என்று முடிவு செய்யும். வாங்கிய தீவனத்தில் 100 டன்னை எழுத மறந்தால், அத்தனையும் உங்கள் நிலத்திலேயே விளைந்த புல்லாகிவிடும். ஆகவே கோப்பு முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கசிவு எண் அல்ல. ஹெக்டேருக்கு மாடு தின்ற புல் எத்தனை டன் உலர் எடை என்ற வரியைத்தான். 14 டன் விளையும் நிலத்தில் அது 19 டன் என்று காட்டினால், எங்கோ தீவனமோ மாட்டுக் கணக்கோ தப்பு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகவே கூடாது.

பாசனத்தில் வேறு ஒரு சிக்கல். நடுத்தூணைச் சுற்றி நகரும் சென்டர் பிவட் கருவி 10 முதல் 15 மில்லிமீட்டர் நீரை அடிக்கடி கொடுக்கும். பழைய சுழல் கருவிகள் ஒரே சுற்றில் 50 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும். கல் மண்ணில் அதில் பாதி வேருக்குக் கீழே போய்விடும். கருவி வகையைச் சரியாகப் போட்டுவிட்டு, 'மண் ஈரமானி பார்த்து நீர் விடுகிறோம்' என்ற தேர்வை மட்டும் ஆசைக்காகப் போடுபவர்கள் உண்டு. கசிவு எண் அழகாகக் குறையும். தணிக்கைக்கு வருபவர் ஈரமானிப் பதிவைக் கேட்கும்போது கோப்பு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதைவிடக் கொடுமை, அந்தப் பொய்யான எண்ணை நம்பி அடுத்த ஆண்டு மாட்டைக் கூட்டுவது.

பரப்பளவிலும் ஏமாறலாம். வீடு, மரக்காடு, மேய்ச்சலுக்கு உதவாத சரிவு எல்லாவற்றையும் மொத்தப் பரப்பில் சேர்த்தால் ஹெக்டேர் சராசரி தானாகக் குறையும். ஒரு கிலோகூட நீரில் குறைந்திருக்காது. எப்போதும் மூன்று எண்களைச் சேர்த்தே படியுங்கள்: பண்ணை முழுவதற்கும் மொத்தக் கிலோ, ஒவ்வொரு பிளாக்கின் ஹெக்டேர் அளவு, ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு (பாலின் கொழுப்பும் புரதமும் சேர்ந்த எடைக்கு) எத்தனை கிராம் இழப்பு.

குளிர்காலத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூன், ஜூலையில் பால் வற்றிய மாடுகளை வேறொருவர் நிலத்துக்கு அனுப்பிவிட்டால் பால் பண்ணையின் கோப்பில் கசிவு நன்றாக இறங்கும். அந்த மாடுகள் போன இடத்தில் கேல் என்ற முட்டைக்கோஸ் இனத் தீவனப் பயிரோ தீவனப் பீட்டோ நெருக்கமாக மேய்க்கப்படும். ஈர மண், வெறும் தரை, அடர்த்தியான மூத்திரம். பால் பண்ணைத் தொழிலில் ஹெக்டேருக்கு மிக அதிகக் கசிவு தரும் நிலமே அதுதான். அந்த நிலம் அதே ஆற்றின் மேல்பகுதியில் இருந்தால் கணக்கில்தான் குறைவு, நீரில் குறைவில்லை. திட்டமிடுபவர் நேர்மையாக இருக்க வேண்டுமானால் இரண்டு நிலத்துக்கும் கோப்புப் போட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். மென்பொருள் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. இது அதன் பெரிய குறை என்றே கருதுகிறோம்.

திட்டங்களை ஒப்பிடும் முறை

அடிப்படைக் கோப்பு சரியானதும் அதைப் பிரதி எடுத்து, ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அதற்கு முன் ஒரு காகிதக் கணக்கு. வாங்கிய தழைச்சத்தின் மிகுதி என்று அதைச் சொல்வார்கள்: உரமும் வெளித் தீவனமும் கொண்டுவந்த தழைச்சத்திலிருந்து, பாலும் இறைச்சியும் கொண்டுபோனதைக் கழிப்பது. ஓர் எடுத்துக்காட்டு. ஹெக்டேருக்கு 3.5 மாடு, உரத்தில் 190 கிலோ தழைச்சத்து, மாட்டுக்கு 600 கிலோ எண்ணெய்ப்பனைப் பருப்புப் பிண்ணாக்கு. பிண்ணாக்கு ஹெக்டேருக்கு 2.1 டன், அதில் 2.6% தழைச்சத்து என்றால் 55 கிலோ. உள்ளே வந்தது 245. பால் திடப்பொருள் 1,600 கிலோ. அதில் 43% புரதம், அதை 6.38ஆல் (பால் புரதத்தைத் தழைச்சத்தாக மாற்றும் எண்) வகுத்தால் 108 கிலோ. இறைச்சிக்கு ஒரு 10. வெளியே போனது 118. மிகுதி 127 கிலோ. அதே எடைக்குப் பிண்ணாக்குக்குப் பதில் மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்) கொடுத்தால் தழைச்சத்து 1.3% அளவுதான், 27 கிலோ. மிகுதி 99 ஆகிவிடும். கூடவே உரத்தை 150க்கு இறக்கினால் 59. சைலேஜில் ஆற்றலும் புரதமும் வேறு அளவு என்பதால் பால் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; வசந்த காலப் புல்லில் புரதம் ஏற்கெனவே அதிகம், அப்போது சைலேஜ் பொருந்தும், காய்ந்த கோடையில் பொருந்தாமல் போகலாம். இந்தக் கணக்குக்கு மென்பொருளே வேண்டாம். பண்ணை எந்தத் திசையில் போகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 190 என்பதை வேண்டுமென்றே எடுத்தோம்: மேய்ச்சல் நிலத்தில் செயற்கைத் தழைச்சத்துக்கு 2021 ஜூலை 1 முதல் அரசு வைத்த ஆண்டு உச்சவரம்பு அதுதான்.

பிறகு ஓவர்சியருக்குள். எங்கள் வரிசை இது. முதலில் இலையுதிர், குளிர்கால உரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் வெப்பம் 6 டிகிரிக்குக் கீழே போனால் புல் உரத்துக்குப் பதில் சொல்லாது. ஒரு முறைக்கு 30 முதல் 40 கிலோவுக்கு மேல் எந்த மாதத்திலும் தேவையில்லை. அடுத்து தீவன வகை. அடுத்து, வயிற்றில் கன்றில்லாத மாடுகளையும் கழிக்க வேண்டிய மாடுகளையும் மே மாதத்துக்குப் பதில் மார்ச்சிலேயே அனுப்புவது. பால் இழப்பு குறைவு, மிக ஆபத்தான மாதங்களில் மூத்திரம் குறைவு. கல் மண் பிளாக்குகளை இலையுதிர் மேய்ச்சலிலிருந்து விடுவித்து ஆழ மண் பிளாக்குகளுக்கு மாட்டை நகர்த்துவது அதற்கு அடுத்தது. அதற்குப் பிறகுதான் மாட்டு எண்ணிக்கை.

மாட்டைக் குறைத்தால் பால் போய்விடும் என்ற பயம் நியாயமானது, ஆனால் எப்போதும் உண்மையல்ல. லிங்கன் பல்கலைக்கழகத்தின் 160 ஹெக்டேர் செயல்விளக்கப் பால் பண்ணை, ஹெக்டேருக்குச் சுமார் 4 மாடு என்றிருந்ததை 3.5க்கு இறக்கி, உரத்தையும் வாங்கும் தீவனத்தையும் கூடவே குறைத்து நடத்திக் காட்டியது. மாட்டுக்கு மாடு பால் கூடியது அதன் அடிப்படை. இது புல் மேலாண்மையில் கைதேர்ந்தவர்களுக்குப் பொருந்தும். மேய்ந்த பிறகு மிச்சம் நிற்கும் புல்லின் உயரத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத பண்ணையில் மாடு குறைந்தால் புல் முற்றித் தரம் கெட்டு, பாலும் இறங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓவர்சியர் லாபம் பார்க்காது. நீங்கள் எழுதும் திட்டம் நடக்கக் கூடியதா என்றும் பார்க்காது. 20% மாட்டைக் குறைத்துப் பாலை அப்படியே வைத்தால் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஃபார்மேக்ஸ் மாதிரியான தீவன, வருமானக் கருவியிலோ, குறைந்தது மாதவாரித் தீவனக் கணக்கு விரிதாளிலோ முதலில் ஓட்டிப் பார்த்து, நடக்கும் என்று தெரிந்த திட்டத்தை மட்டும் ஓவர்சியருக்குள் கொண்டுவாருங்கள்.

கழிவுநீர்ப் பிளாக்கில் இந்த மென்பொருள் போட்ட பணத்தைத் திருப்பித் தருகிறது. கறவைக் கூடத்தில் ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டராவது கழிவுநீர் சேரும். 400 மாட்டுக்கு 20 கன மீட்டர். அதில் ஆண்டுக்கு மாடு ஒன்றுக்குச் சுமார் 6 கிலோ தழைச்சத்து. பல வட்டாரங்களில் கழிவுநீர் வழியாக ஹெக்டேருக்கு 150 கிலோதான் உச்சம் என்பதால் 100 மாட்டுக்கு 4 ஹெக்டேர் குறைந்தபட்சம். சாம்பல் சத்தைப் பார்த்தால் அதற்கு இரு மடங்கு, 8 ஹெக்டேர், வேண்டும். மோட்டாருக்கு அருகிலுள்ள அதே நாலு பேடக்கில் ஆண்டாண்டாகக் கொட்டும் பண்ணைகளில் என்ன ஆகிறது? புல்லில் சாம்பல் சத்து ஏறி, மாடு மெக்னீசியத்தை உறிஞ்சுவது தடைப்பட்டு, ஈன்ற மாடுகள் பால் காய்ச்சலில் விழுகின்றன. ஓவர்சியரின் சத்து வரவு செலவு அட்டவணையில் அந்தப் பிளாக்கின் சாம்பல் சத்து மிகுதி அப்பட்டமாகத் தெரியும். பரப்பை விரித்து, விரித்த இடத்தில் வாங்கிய உரத்தை நிறுத்தினால் உரச் செலவு மிச்சம், நீருக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது. ஈனும் நிலையிலுள்ள மாடுகளை அந்தப் பிளாக்கில் மேய்க்கவே வேண்டாம். சேமிப்புக் குளம் சிறியதாக இருந்தால் இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும்: மண் ஊறிக் கிடக்கும் 60 நாளுக்கு 400 மாட்டுக் கழிவுநீர் மட்டும் 1,200 கன மீட்டர், மழைநீர் தனி. அந்த அளவைக் கணிக்க மாஸி பல்கலைக்கழகம் உருவாக்கிய கழிவுநீர்ச் சேமிப்புக் கணிப்பான் தனியாக இருக்கிறது. ஓவர்சியர் அதற்கு மாற்று அல்ல.

எதைப் பார்க்காது

வண்டலையும் ஈகோலை கிருமியையும் பார்க்காது. மணிச்சத்தைப் பார்க்கும், ஆனால் பிளாக் அளவில். நடைமுறையில் மணிச்சத்து மண்ணோடு ஒட்டி ஓடும். பண்ணையின் மிகச் சிறு பகுதியிலிருந்தே பெரும்பங்கு போகும். மழையில் நீர் கூடும் பள்ளம், கதவடியில் மிதிபட்ட சேறு, ஓடையைக் கடக்கும் மாட்டுப் பாதை, தீவனத் தொட்டி வைத்த மேடு. இவற்றை வரைபடத்தில் காண வேண்டுமானால் பேலன்ஸ் உர நிறுவனத்தின் மிட்டகேட்டர் கைகொடுக்கும்: ஓவர்சியர் கோப்பை நில உயர வரைபடத்தின் மேல் விரித்து, தழைச்சத்து, மணிச்சத்து, வண்டல், கிருமி நான்குக்கும் ஆபத்தான இடங்களை வண்ணமிட்டுக் காட்டும். சரிவான நிலம், களிமண் உள்ள பண்ணைக்கு அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். தட்டையான கல் சமவெளிக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

எந்த மென்பொருளும் இல்லாமலே செய்யக்கூடியது: பெருமழை பெய்யும்போது மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பண்ணையைச் சுற்றி வந்து, பழுப்பு நீர் எங்கே ஓடைக்குள் இறங்குகிறது என்று கைப்பேசியில் படமெடுப்பது. அந்த இடங்களில் வேலியைப் பின்னுக்குத் தள்ளிப் புல்லை நீளமாக விட வேண்டும். நீர் கூடும் வாயில் ஈரநிலம் அமைத்தால், அதற்கு நீர் தரும் பரப்பில் 1 முதல் 5% வரை இடம் ஒதுக்க வேண்டும். 1%க்குக் குறைந்தால் நீர் தங்காமல் ஓடிவிடும். மண் பரிசோதனையில் ஓல்சன் மணிச்சத்து அளவு (செடிக்குக் கிடைக்கும் மணிச்சத்தின் குறியீடு) வண்டல், எரிமலைச் சாம்பல் மண்ணில் 30ஐத் தாண்டிய பிளாக்குக்குச் சூப்பர் பாஸ்பேட் போடுவது, பாலுக்கு ஒன்றும் சேர்க்காமல் ஆற்றுக்கு உரம் போடுவதுதான்.

2021க்குப் பிறகு இதை எப்படி நம்புவது

நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையர் சைமன் அப்டன் 2018 டிசம்பரிலேயே, சட்ட ஒழுங்குமுறைக்கு இதைப் பயன்படுத்துவதில் உள்ள ஓட்டைகளை விரிவாக எழுதினார். அரசு அமைத்த அறிவியல் குழு, 2021 ஆகஸ்டில் வெளியான அறிக்கையில், அதைவிடக் கடுமையாகப் பேசியது: சராசரி வானிலையும் மாறாத நிலையும் எடுத்துக்கொள்வதால் பெருமழை போன்ற திடீர் நிகழ்வுகளைக் காட்டாது, ஆழ வேர்ச் செடிகளைச் சரியாகக் கையாளாது, நைட்ரேட்டை மட்டும் பார்த்து அம்மோனியத்தையும் மண்ணின் கரிமப் பொருளையும் விட்டுவிடுகிறது. பண்ணை மேலாண்மையை மாற்றுவதால் சத்து இழப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதையோ, அந்த இழப்பின் அளவையோ இது சொல்கிறது என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை என்றே அக்குழு முடித்தது.

அந்த விமர்சனத்தில் பெரும்பகுதி சரியானது. ஆனால் அதைப் படித்துவிட்டு 'எல்லாம் பொய்க் கணக்கு' என்று தூக்கி எறிந்தவர்கள் அவசரப்பட்டார்கள். கோப்பில் கசிவு ஹெக்டேருக்கு 48 கிலோ என்று வந்தால் நிலத்தில் உண்மையாக 35 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். ஆனால் அதே பண்ணை, அதே மண், அதே வானிலையில் உரத்தையும் மாட்டையும் மாற்றியதால் 48 என்பது 38 ஆனால், குறைந்தது என்ற திசையை நம்பலாம் என்பது, குழுவின் முடிவுக்கு மாறாக, எங்கள் கருத்து. காரணம், மூத்திரத் திட்டு, மண்ணின் நீர்ப்பிடிப்பு, மாதவாரி வடிகால் என்ற அடிப்படைச் சங்கிலி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு தொல்லை பதிப்பு மாற்றம். 2015இல் 6.2 பதிப்பு பாசனக் கணக்கை மாற்றியபோது, பண்ணையில் ஒரு வேலியும் நகராமலே பல பாசனப் பண்ணைகளின் கசிவு எண் தாவியது. வட தீவின் டௌபோ ஏரியைக் காக்க வந்த விதிமுறை இதை முன்பே யோசித்து 5.4.3 பதிப்பை விதியிலேயே பூட்டி வைத்தது. 2001 முதல் 2005 வரையிலான காலத்தை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு பண்ணைக்கும் தழைச்சத்து உரிமை வகுத்து, அதை வாங்கவும் விற்கவும் அனுமதித்து, மனிதர் கட்டுப்படுத்தக்கூடிய தழைச்சத்தில் 20% குறைக்க 8.15 கோடி டாலர் பொது நிதி ஒதுக்கிய திட்டம் அது. எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், எல்லாரும் ஒரே அளவுகோலில் நின்றதால் சந்தை நடந்தது. அப்படிப் பூட்டாத வட்டாரங்களில் இருப்பவர்கள், பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய அடிப்படை ஆண்டுக் கோப்பையும் புதிய பதிப்பில் மறுபடி ஓட்டி, குறைவைச் சதவீதத்தில் மட்டும் பேச வேண்டும். கிலோவில் பேசினால் சிக்கல்.

யாருக்கு ஏற்றது

பாசனப் பண்ணை, இரண்டு மூன்று மண் வகை, 300க்கு மேல் மாடு, வெளித் தீவனம் வாங்குபவர் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஒரே மண், வாங்கும் தீவனம் மிகக் குறைவு, உரமும் 100 கிலோவுக்குக் கீழே என்றால் காகிதக் கணக்கும் ஒரு நல்ல வரைபடமும் போதும். கவுன்சில் கேட்டால் மட்டும் எடுங்கள். குளிர்காலத் தீவனப் பயிர் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதன் எண் பயமுறுத்தும். அது தேவையான பயம்: மேய்ந்து முடித்த உடனே ஓட்ஸ் விதைத்து மிச்ச நைட்ரேட்டைப் பிடிக்கும் திட்டத்தையும் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பண்ணைக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வானிலையும் மண் தரவும் நியூசிலாந்துக்கு மட்டுமே. கணக்கின் அடித்தளமே ஆண்டு முழுவதும் வெளியில் மேயும் மாடு. கொட்டகையில் கட்டி, அறுத்துப் போட்டு வளர்க்கும் மாட்டின் மூத்திரமும் சாணமும் ஒரே இடத்தில் சேரும். அங்கே கேள்வி குப்பைக்குழியும் கிணறும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது. ஆனால் வாங்கிய தழைச்சத்தின் மிகுதிக் கணக்கு எந்த ஊர்ப் பண்ணைக்கும் அப்படியே பொருந்தும்.

சந்தா எடுப்பவர்கள் காலத்தைக் கவனியுங்கள். பால் பருவம் ஜூன் 1 முதல் மே 31 வரை. ஆண்டு இறுதிக் கோப்பு ஜூனில் முடிந்தால் ஜூலை 31க்குள் கவுன்சிலுக்குத் தர வேண்டிய உர அறிக்கைக்கும் அதே தரவு உதவும். ஆனால் மாற்றத் திட்டங்களை ஓட்ட அது மிகத் தாமதம். பிப்ரவரியிலேயே ஓட்டிவிட வேண்டும். குளிர்கால மேய்ச்சல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலையுதிர் உரத்துக்கு லாரி சொல்லியான பிறகு எந்த எண் வந்தும் அந்த ஆண்டுக்குப் பயனில்லை.